றியோ கிராண்டே கரையிற் பெருங்கொக்குகள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்சிக்கோ மாநிலத்தை நிலப்படத்தில் நோக்குவோர், அதன் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஒரு நீலக்கோடு இறங்குவதைக் காண்பர். அதுவே றியோ கிராண்டே. 'பேராறு' என்பது இந்த இசுப்பானியப் பெயரின் பொருள். கொலராடோ மலைகளிலே பனி உருகித் தோன்றும் இந்த ஆறு, ஏறக்குறைய 1,900 மைல் ஓடி மெக்சிக்கோ வளைகுடாவிற் கலக்கின்றது. அது கடந்து செல்லும் நிலத்தின் பெரும்பகுதி பாலை. ஆண்டு முழுவதற்கும் பத்து அங்குல மழைகூடப் பெய்யாத அந்த மேட்டுநிலத்திலே, ஆற்றின் இரு கரைகளிலும் மட்டும் ஒரு மெல்லிய பச்சை நாடா போல மரங்கள் நிற்கின்றன.

அல்புக்கேர்க்கி என்னும் நகரிலிருந்து ஆற்றோடு தெற்கே ஏறக்குறைய 90 மைல் சென்றால், சான் அன்ரோனியோ என்னும் சிற்றூர் வரும். அதற்குச் சில மைல் அப்பால் இருக்கின்றது 'பொஸ்கே டெல் அப்பாச்சி' என்னும் வனவிலங்குப் புகலிடம். 'அப்பாச்சிகளின் ஆற்றங்கரைச் சோலை' என்று இப்பெயரைத் தமிழாக்கலாம். மெக்சிக்கோவிலிருந்து வடக்கு நோக்கி அரசபாட்டை வழியே வந்த இசுப்பானியப் பிரயாணிகள், அப்பாச்சி மக்கள் இச்சோலையிற் பாளையமிட்டுத் தங்கக் கண்டு இப்பெயரை இட்டனர். அவர்களுக்கும் முன்னரே பீரோ என்னும் பூர்வகுடி மக்கள் இங்கு ஊரமைத்து வாழ்ந்திருந்தனர்.

1939ஆம் ஆண்டு இவ்விடம் பறவைகளுக்குரிய புகலிடமாக அரசினரால் ஒதுக்கப்பட்டது. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 57,000 ஏக்கர். அதிற் பெரும்பகுதி வறண்ட குன்றும் முட்செடியுமே. நீர் பரந்து நிற்பதும் பறவைகள் வந்து கூடுவதும் ஆற்றை ஒட்டிய சில ஆயிரம் ஏக்கர் தாழ்நிலத்தில் மாத்திரமே. கடல்மட்டத்திலிருந்து 4,500 அடி உயரம். நமது பண்டாரவளையினும் சற்று உயர்ந்த இடம் எனலாம். ஆனால் குளிரோ பன்மடங்கு கடியது. டிசெம்பர் மாத விடியலிற் குளத்தின் விளிம்புகள் கண்ணாடி போல் உறைந்து கிடக்கும்.

இத்தகைய குளிரில், இருள் பிரியுமுன்னே, கைகளிற் கையுறையும் தோளிற் கமராவும் தாங்கிய மாந்தர் நூற்றுக்கணக்கில் வந்து வரிசையாக நிற்கின்றனர். அவர்கள் காத்து நிற்பது இருவகை விருந்தினருக்காக.

இரு விருந்தினர்

முதலாவது விருந்தினர் ஆங்கிலத்திற் 'சாண்ட்ஹில் கிரேன்' எனப்படும் பறவை. 'கிரேன்' என்பதற்கு நம் பேச்சுவழக்கிலே தனிப்பெயர் இன்மையால், பெருங்கொக்கு என்று இங்குக் குறிப்போம். கொக்கு என்றவுடன் நம் வயல்வரம்பில் ஒற்றைக்காலில் நிற்கும் வெண்கொக்கை எண்ணிவிடல் ஆகாது. வயற்கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். பெருங்கொக்கோ கழுத்தை முன்னே நீட்டி, கால்களைப் பின்னே நீட்டி, எறிந்த ஈட்டி போலச் செல்லும். நிமிர்ந்து நின்றால் நான்கு அடி உயரம். சிறகை விரித்தால் ஆறு அடிக்கும் மேல். உடல் சாம்பல் நிறம். நெற்றியிலே குங்குமம் தீட்டியது போன்ற செம்மை. அது இறகன்று, வெறுந்தோல். சில பறவைகளின் முதுகிலே துருப்பிடித்தாற் போன்ற பழுப்புநிறம் காணப்படும். கூடுகட்டும் காலத்தில் இரும்புச்சத்து மிகுந்த சேற்றை அலகால் எடுத்துத் தம் இறகிற் பூசிக்கொள்வதனால் வரும் நிறம் அது.

இப்பறவையின் குரலைக் கேட்டவர் மறப்பதரிது. அதன் மூச்சுக்குழல் மிக நீண்டது. நெஞ்செலும்பினுள்ளே சுருண்டு கிடப்பது. ஆதலின் அதன் அழைப்பு, நீண்ட குழலில் ஊதிய ஓசை போல அதிர்ந்து, ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இணைபிரியாதவை. வழக்கமாக இரண்டு முட்டையிடும். ஆயினும் ஒரு குஞ்சே பெரும்பாலும் பிழைத்து வளரும். அந்தக் குஞ்சு தன் முதற் குளிர்காலத்தைத் தாய் தந்தையருடனேயே கழிக்கின்றது. ஐடகோ முதலிய வடமாநிலங்களின் சதுப்புகளிலிருந்து, கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இளைப்பாறி, இந்தச் சோலை வரைக்கும் வரும் வழியை அது தன் பெற்றோரைப் பின்தொடர்ந்தே கற்றுக்கொள்கின்றது. ஆகவேதான் நீரில் நிற்கும் கூட்டத்தைச் சற்று உற்று நோக்கினால், மும்மூன்றாகப் பிரிந்து நிற்கும் சிறு குடும்பங்கள் பல அதனுள்ளே தென்படும். தலையிலே செம்மையின்றிப் பழுப்பாக இருப்பது குஞ்சு. உடலால் வளர்ந்திருந்தும் அதன் குரல் இன்னமும் மெல்லிய கீச்சொலியே.

இரண்டாவது விருந்தினர் பனிவாத்துக்கள். வீட்டு வாத்தினும் பெரியவை; உடல் முழுதும் வெண்மை, சிறகின் நுனி மட்டும் கருமை. கனடாவின் வடதுருவப் பகுதியிலே, மரமே முளைக்காத வெளியிற் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து தெற்கே வருகின்றன. அவற்றோடு கலந்து, அவற்றைப் போலவே வெண்மையும் ஆனால் உருவிற் சிறுமையும் உடைய றோஸ் வாத்துக்களும் வருவதுண்டு. பெருங்கொக்கு குடும்பமாக வாழ, பனிவாத்து பெருஞ்சனக்கூட்டமாக வாழ்கின்றது. இவ்விரண்டின் இயல்பு வேறுபாடும் விடியற்காலையில் நன்கு விளங்கும்.

விடியற்காலை

கிழக்கு வெளுக்குமுன்னே குளக்கரைக்குச் செல்லவேண்டும். முதலிற் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதுக்கே காட்சி. ஆயிரமாயிரம் வாத்துக்களின் முணுமுணுப்பு, சந்தை கூடுமுன் எழும் இரைச்சல் போலக் கேட்கும். இடையிடையே ஒரு பெருங்கொக்கின் குழலொலி. பின்பு நீர்ப்பரப்பு ஈய நிறமாகி, அதிலே சாம்பல் நிறத் தூண்கள் பலவாக உருப்பெறும். அவை உறங்கும் பெருங்கொக்குகள். கொயோட்டி என்னும் நரியினத்து விலங்கு இரவிலே இரைதேடித் திரிவதால், அவை தரையிலே உறங்குவதில்லை. ஆழமற்ற நீரில் நின்றபடியே உறங்கும். பகைவன் நீரிற் காலடி வைத்தால் அந்தச் சலசலப்பே எச்சரிக்கையாகும். கடுங்குளிர் இரவுகளில், நிற்கும் பறவையின் காலைச் சுற்றி நீர் உறைந்துவிடுவதும் உண்டு.

சூரியன் மலைமுடியைத் தொடும் வேளையிற் பனிவாத்துக்களின் முணுமுணுப்பு திடீரென்று ஒரு கணம் அடங்கும். அடுத்த கணம் அத்தனையும் ஒருங்கே எழும். அந்த ஓசையை இடிமுழக்கம் என்பதா, பேரலை என்பதா! நீர்ப்பரப்பே பெயர்ந்து மேலெழுந்தாற் போல வெண்மை எழுந்து, வானை மறைத்து, பார்ப்போர் தலைக்கு மேலாகச் சுழன்று செல்லும். முதன்முறை காண்போரிற் பலர் கமராவை மறந்து வாய்பிளந்து நிற்பர். சில விநாடிகளிற் குளம் வெறிதாகிவிடும். சில வேளைகளில் வெண்தலைக் கழுகொன்று மேலே வட்டமிடுவதே இந்த எழுச்சிக்குக் காரணமாகும். சில வேளைகளில் மனிதர் கண்ணுக்குக் காரணமெதுவும் புலப்படாது.

பெருங்கொக்குகளுக்கு இந்த அவசரம் இல்லை. அவை வெயில் உறைக்கும் வரை நின்று, சிறகைக் கோதி, சோம்பல் முறித்து, இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் புறப்படும். புறப்படுமுன் ஒவ்வொன்றும் தன் கழுத்தை முன்னே நீட்டி, செல்லும் திசை நோக்கி உடலைச் சாய்த்து நிற்கும். 'நாம் போவோமா?' என்று தன் குடும்பத்தைக் கேட்பது போன்ற அடையாளம் அது. மற்றவையும் அவ்வாறே சாய்ந்தபின், நீரில் நாலைந்து அடி ஓடி, நீர்த்துளி தெறிக்க எழுந்து செல்லும்.

கமராவும் பொறுமையும்

அந்தச் சாய்வை அறிந்தவனுக்கே நல்ல படம் கிட்டும். பறவை எழுந்தபின் கமராவைத் தூக்குபவன், அதன் வாலையே படமெடுப்பான். கழுத்து சாய்ந்தவுடன் கண்ணை வில்லையில் வைத்துக் காத்திருப்பவனுக்கு ஓட்டமும், தெறிக்கும் நீரும், முதற் சிறகடிப்பும் ஒருங்கே அகப்படும். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும் என்பது இன்னொரு பாடம். ஆகவே அனுபவமுடையோர் குளக்கரைக்கு வந்தவுடன் முதலில் நோக்குவது பறவையை அன்று, காற்றின் திசையை. சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்க, காற்று பக்கவாட்டில் வீச நிற்பின், எழும் பறவைகள் ஒளி பட்ட பக்கத்தைக் காட்டிச் செல்லும்.

பறக்கும் சிறகை அசைவின்றிப் பிடிக்க வேண்டுமாயின், கமராவின் கண் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கோ அதனினும் குறைவோ மட்டும் திறந்து மூடவேண்டும். விடியலின் மங்கிய ஒளியில் அது இயலாதபோது, சிலர் வேறொரு வழியை நாடுவர். விநாடியில் முப்பதிலொரு பங்கு நேரம் கண்ணைத் திறந்துவைத்து, பறவையோடு சேர்த்துக் கமராவையும் மெல்லத் திருப்புவர். தலை மட்டும் தெளிவாகவும் சிறகும் பின்னணியும் தூரிகைக் கோடுகளாகவும் விழும். அப்படம் பறவையின் உருவத்தைக் காட்டிலும் பறத்தலையே காட்டுகின்றது.

வெண்ணிறப் பறவையைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கமராவினுள் இருக்கும் ஒளியளவி, எதிரே இருப்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும் இயல்புடையது. கரிய நீரின் முன்னே ஒரு தனிப் பனிவாத்து பறந்தால், அளவி இருளைக் கண்டு மயங்கி ஒளியை மிகுதியாக உள்ளே விடும். வாத்தின் இறகெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைப் புள்ளியாகும். வாத்துக்கள் படம் முழுதும் நிறைந்தாலோ, அளவி வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைக்கும்; வெண்ணிறம் அழுக்குச் சாம்பலாகும். பொறியின் கணக்கை மனிதன் தன் கண்ணால் திருத்தவேண்டிய இடம் இது.

குளிரில் மின்கலங்கள் விரைவிற் சோர்ந்துவிடும். ஆதலால் மாற்றுக்கலத்தை உடலோடு ஒட்டிய சட்டைப்பையிலே வைத்துக் காக்கின்றனர். புகலிடத்தினுள்ளே 12 மைல் நீளமான ஒரு வண்டிப்பாதை வளைந்து செல்கின்றது. பறவைகள் மனித உருவத்துக்கு அஞ்சுமளவுக்கு மோட்டார்க் காருக்கு அஞ்சுவதில்லை. எனவே காருக்குள்ளேயே இருந்து, சன்னல் விளிம்பிற் பயறு நிரப்பிய பையொன்றை வைத்து, அதன்மேல் நீண்ட வில்லையைக் கிடத்திப் படமெடுப்போர் பலர்.

இவற்றிலும் மேலான விதி ஒன்று உண்டு. அமர்ந்திருக்கும் கூட்டத்தைப் பறக்கச் செய்து படமெடுக்கும் ஆசையால், கைதட்டியும் கிட்ட நெருங்கியும் எழுப்புவோர் எங்குமிருப்பர். குளிர்காலத்திற் பறவை உண்ணும் ஒவ்வொரு தானியமும், இரவின் குளிரைத் தாங்கவும் வசந்தத்தில் வடக்கே திரும்பவும் சேர்த்துவைக்கும் வலிமை. காரணமின்றி அதனை எழுப்புபவன் அந்தச் சேமிப்பிலே கைவைக்கின்றான். தானாக எழும் வரை காத்திருப்பது ஒழுக்கம் மட்டுமன்று. அப்படிக் கிடைக்கும் படமே உண்மையான படமுமாகும்.

நண்பகலிற் காணவேண்டியது

விடியற்காலைக் காட்சி முடிந்தவுடன் பெரும்பாலோர் காப்பி அருந்தச் சென்றுவிடுகின்றனர். ஆனால் இவ்விடத்தின் மெய்யான வரலாற்றை அறிய விரும்புவோர் நண்பகலில் ஒருமுறை அந்த வண்டிப்பாதையிற் சுற்றிவரல் வேண்டும். காலையில் எவர் கமராவிலும் அகப்படாத ஒரு பொருள் அப்பொழுது கண்ணுக்குத் தெரியும். அதுதான் மதகு.

குளத்துக்குக் குளம் வரம்பு, வரம்பிலே கால்வாய், கால்வாயிலே மதகு. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நீரை ஏற்றவும், எடுத்து நீரை இறக்கவும் செய்கின்றனர். வசந்தத்தில் நீரை வடிக்கின்றனர். ஈரம் உலரும் தரையிலே, பறவைகள் விரும்பியுண்ணும் காட்டுப்புற்களும் பூண்டுகளும் முளைத்து விதை பிடிக்கின்றன. இலையுதிர் காலத்தில் மீண்டும் நீரை விடுகின்றனர். விதைகள் மிதந்தும் ஊறியும் உணவாகின்றன. நிலம் பழுதுபடாதிருக்க ஒவ்வொரு பாத்தியையும் முறைவைத்து ஓய்வு கொடுத்தும், எரித்தும், உழுதும் திருத்துகின்றனர். வயற்பகுதியிலே சோளம் பயிரிட்டு, பறவைகளின் தேவை நோக்கிச் சிறிது சிறிதாகச் சாய்த்து விடுகின்றனர். அதற்கு இன்னொரு நோக்கமும் உண்டு: உள்ளே உணவு கிடைப்பின் பறவைகள் அயலிலுள்ள கமக்காரரின் பயிரை அழிக்கமாட்டா.

இரவிலே பெருங்கொக்கு நிற்கும் நீரின் ஆழமும் தற்செயலானதன்று. நீர் மிகின் அதனால் நிற்கவியலாது. குறைந்து தரை தெரியின் கொயோட்டி நடந்து வந்துவிடும். சில அங்குல வேறுபாட்டிலே ஓர் உயிரின் காவல் அடங்கியிருக்கின்றது. அந்த அங்குலங்களை அளந்து பலகை செருகுபவர் ஒரு மனிதர்.

இது ஏன் வேண்டியதாயிற்று? ஒரு காலத்தில் இவ்வேலை முழுவதையும் ஆறே செய்தது. வசந்தத்திற் பனி உருகி வெள்ளம் பெருகும்; கரைபுரண்டு தாழ்நிலமெங்கும் குளங்களை உண்டாக்கும்; வண்டலை நிரப்பும்; வடியும். ஆனால் அதே வெள்ளம் ஊர்களையும் அழித்தது. புகலிடத்தின் தென்புறத்தே இருந்த சான் மார்சியல் என்னும் ஊரை 1929ஆம் ஆண்டு வெள்ளம் முற்றாகப் பாழாக்கியது. மேலும், வறண்ட நிலத்தில் உழவு செய்வோருக்கு ஆற்றுநீர் உயிர்நீர். ஆதலால் அணைகளும் கரைகளும் எழுந்தன. 1916இலே தெற்கே எலிபன்ற் பியூட் அணை முற்றுப்பெற்றது. 1970களில் வடக்கே கொச்சிட்டி அணை வந்தது. ஆறு அடங்கியது. வெள்ளமில்லாமையால் குளங்கள் இல்லை. கரையோரப் பருத்திமரங்களின் விதை முளைக்க ஈர வண்டலும் இல்லை. மண்ணரிப்பைத் தடுக்கவென்று ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட தமரிஸ்க் என்னும் புதர்மரம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

1941ஆம் ஆண்டு இங்கு எண்ணப்பட்ட பெருங்கொக்குகள் எத்தனை? பதினேழு! வேட்டையாலும், சதுப்புகளை வடித்து வயலாக்கியதாலும் அவ்வளவுக்கு அருகிவிட்டன. வேட்டைக்கு எதிராக 1918இலேயே சட்டம் பிறந்திருந்தது. ஆனால் சட்டம் பறவைக்குத் தங்குமிடம் தருமா? பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞரைக் கொண்டு அரசு நடத்திய தொண்டர்படையினர் இங்கு வந்து கால்வாய் வெட்டினர், கட்டடம் எழுப்பினர். அதன்பின் ஆண்டுதோறும் மதகு திறந்தும் அடைத்தும், உழுதும் விதைத்தும் வந்த உழைப்பின் பயனாக, இன்று குளிர்காலத்திற் பெருங்கொக்குகள் இங்கு ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. 'வனவிலங்கு' என்ற சொல் மனிதக் கை படாத காட்டை நினைப்பூட்டும். இந்த வனமோ, ஆறு செய்துவந்த பணியை மனிதர் தம் தோளில் ஏற்றுச் செய்வதால் வாழும் வனம்.

அந்தப் பணிக்கு வேண்டிய நீரும் உறுதியானதன்று. றியோ கிராண்டேயின் நீரைக் கொலராடோ, நியூ மெக்சிக்கோ, டெக்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்கள் 1938ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி பங்கிடுகின்றன. 1906ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி மெக்சிக்கோ நாட்டுக்கும் பங்குண்டு. கமக்காரர், நகரத்தார், மீன், பறவை என்று கேட்போர் பலர். கோடையிலே புகலிடத்தை ஒட்டிய பகுதியில் ஆறு மணலாகக் கிடப்பது வழமையாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூலையில், நாற்பதாண்டுக் காலத்தில் இல்லாதவாறு, அல்புக்கேர்க்கி நகரருகிலும் ஆறு வறண்டது. ஆகவே டிசெம்பரிற் படமெடுப்போர் காணும் நீர்ப்பரப்பு, கோடை முழுதும் பலர் கணக்கிட்டுக் காத்துப் பங்கிட்ட நீர் என்பதை மறத்தலாகாது.

வளர்ப்புப் பெற்றோரின் கதை

மனித முயற்சி எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு இச்சோலை சான்று. அதனால் எது இயலாது என்பதற்கும் இங்கேயே ஒரு சான்றுண்டு.

அமெரிக்கக் கண்டத்தில் வெண்பெருங்கொக்கு என்னும் வேறோர் இனம் உண்டு. பெருங்கொக்கினும் உயரமானது, பால்போல் வெண்மையானது. 1941ஆம் ஆண்டளவில் உலகில் எஞ்சியிருந்தவை இருபதை ஒட்டியவையே. எஞ்சிய கூட்டம் அனைத்தும் ஒரே இடத்திற் குளிர்காலத்தைக் கழிப்பதால், ஒரு புயலோ நோயோ முழு இனத்தையும் அழித்துவிடுமென அறிஞர் அஞ்சினர். இரண்டாவது கூட்டமொன்றை உண்டாக்க ஒரு வழி கண்டனர். வெண்பெருங்கொக்கும் இரண்டு முட்டையிட்டு ஒன்றையே வளர்ப்பது. ஆகவே இரண்டாவது முட்டையை எடுத்து, 1975ஆம் ஆண்டு முதல், ஐடகோவிலுள்ள கிரேஸ் ஏரியிற் கூடுகட்டும் சாம்பற் பெருங்கொக்குகளின் கூட்டில் வைத்தனர்.

வளர்ப்புப் பெற்றோர் தம் கடமையிற் குறைவைக்கவில்லை. அந்நிய முட்டையை அடைகாத்தன. வெண்குஞ்சைத் தம் குஞ்சாகவே ஊட்டின. இலையுதிர் காலத்தில் வழிகாட்டி இச்சோலைக்கு அழைத்தும் வந்தன. சாம்பற் கூட்டத்தின் நடுவே உயர்ந்து நின்ற வெண்பறவைகளைக் காண அக்காலத்தில் மக்கள் திரண்டனர். திட்டம் வென்றது என்றே தோன்றியது. ஆனால் அக்குஞ்சுகள் வளர்ந்து துணைதேடும் பருவம் வந்தபோது, தம் இனம் எதுவென்று அவற்றுக்குத் தெரியவில்லை. தம்மை வளர்த்த சாம்பற் பறவைகளையே தம்மினமாகக் கருதின. வெண்பறவை வெண்பறவையோடு இணையவில்லை. மின்கம்பிகளிலும் வேலிகளிலும் மோதி இறந்தவையும் பல. 1980களின் இறுதியில் முட்டை மாற்றுவதை நிறுத்தினர். எஞ்சியவை ஒவ்வொன்றாகக் குறைந்து, 2002ஆம் ஆண்டுடன் அக்கூட்டம் முடிந்தது.

வேறிடங்களிற் செய்த முயற்சிகளாலும் கடுமையான காவலாலும் வெண்பெருங்கொக்கினம் இன்று சில நூறாகப் பெருகியிருக்கின்றது. ஆயினும் இச்சோலையின் குளங்களில் அவ்வெண்ணிறம் இல்லை. நீரைத் தரலாம், தானியத்தைத் தரலாம், வழியைக்கூட இன்னொரு பறவையைக் கொண்டு கற்பிக்கலாம். 'நான் யார்' என்னும் அறிவைத் தன் இனத்தாரிடமிருந்து மட்டுமே பெறமுடியும் என்பதை அறிஞர் இதனால் உணர்ந்தனர். பின்வந்த முயற்சிகளிற் குஞ்சு வளர்ப்போர் மனித முகத்தை மறைத்து, வெண்ணுடை போர்த்து, பெருங்கொக்கின் தலை போன்ற கைப்பாவையால் உணவூட்டினர் என்றால், அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது விளங்கும்.

மாலை

மாலையிற் பறவைகள் வயலிலிருந்து குளத்துக்குத் திரும்புகின்றன. மேற்குத் திசை மலைகளுக்குப் பின்னே கதிரவன் மறைந்து, வானம் செம்மையும் பின்பு கருநீலமும் ஆகும் வேளை. காலையிற் பறவையின் மேல் ஒளி வேண்டும். மாலையில் ஒளி பறவைக்குப் பின்னே இருப்பதே அழகு. செவ்வானத்தின் முன்னே கரிய உருவங்களாக அவை இறங்குகின்றன. சிறகைக் குவித்து, நீண்ட கால்களை முன்னே தொங்கவிட்டு, குடை விரித்து இறங்குபவர் போல மெதுவாக நீரைத் தொடுகின்றன. தொடுமுன்னே அழைக்கின்றன, நீரிலிருந்து விடை வருகின்றது. ஆயிரம் குரலுக்கிடையே தாய் தந்தையரின் குரலை அந்தக் கீச்சுக்குரற் குஞ்சு தேடிச் சேர்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதே ஓர் இன்பம். இருட்டிய பிறகும், படமெடுக்க ஒளியில்லாத பிறகும், வீடு திரும்ப மனமில்லாது நிற்போர் அங்குண்டு.

நமக்கு

சாண்ட்ஹில் பெருங்கொக்கும் பனிவாத்தும் நம் தீவுக்கு வருவனவல்ல. ஆயினும் வடக்கிலிருந்து வரும் விருந்தினர் நமக்கும் உண்டு. மாரிக்காலத்தில் மன்னார்ப் பகுதியின் உவர்நீர்ப் பரவைகளிலே ஊசிவால் வாத்து முதலியவை ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. செவ்விறகு விரிக்கும் பூநாரைக் கூட்டத்தையும் அங்குக் காணலாம். வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதற்கு அண்மையிலேயே கட்டுக்கரைக் குளம் இருக்கின்றது. அருவி ஆற்றின் நீரைத் தேக்கி, நெல்லையும் பறவையையும் ஒருங்கே வளர்க்கும் குளம் அது. நீரைத் தேக்கவும் அளந்து விடவும் அறிந்த மரபு நம்முடையது. மதகின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கமரா இன்று மாணவர் கைகளிலும் இருக்கின்றது. விடுமுறையிற் குடும்பத்தோடு அப்பக்கம் செல்வோர் பறவைகளைப் படமெடுத்து மகிழட்டும். தானாக எழும்வரை காத்திருந்து எடுக்கட்டும். எடுத்த பின்னர், குளக்கட்டிலே நிற்கும் பெரியவர் எவரையாவது அணுகி, 'ஐயா, இந்த மதகை யார், எப்பொழுது திறப்பார்கள்? இவ்வாண்டு நீர் போதுமா?' என்று கேட்டு அறியட்டும். அந்த விடையையும் படத்தோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளை, அடுத்த மாரியிலும் அப்பறவைகள் வருமா என்பதைத் தானே சிந்திக்கத் தொடங்குவான்.